அடிக்குப் புள்ளி போடும் அண்ணை

அடிக்கிறவர் ஓர் இனம், அடி வாங்குகிறவர் ஓர் இனம் என்றுதானே இவ்வளவு நாளும் நினைத்திருந்தீர்கள்? மூன்றாவது இனம் ஒன்று உண்டு ஐயா. ஒரு சொட்டு ஈரம் படாத இடமாகப் பார்த்து நின்றுகொண்டு, விழுகிற அடிக்குப் புள்ளி போடுகிற இனம்.

எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் உருத்திரமூர்த்தி அண்ணை. எண்பத்தாறாம் ஆண்டு, சுவிஸில் ஒரு பல்கலைக்கழகத்தின் சாப்பாட்டுக்கூடக் குசினியில் அவரும் சிவநேசனும் நானும் கோப்பை கழுவினோம். குசினிக்கு அகலமான கண்ணாடி ஜன்னல், வெளியே புல்வெளி. மாணவர்கள் அங்கே கூடுவார்கள், வீட்டு வாடகை கூடிவிட்டது என்பார்கள், அணு உலை வேண்டாம் என்பார்கள், பொலிஸ் வரும், தள்ளுமுள்ளு நடக்கும். அண்ணை கையைத் துடைத்து, கழுத்தை நீட்டி, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, சோதனைத்தாள் திருத்துகிற வாத்தியார் போலத் தீர்ப்புச் சொல்வார்.

"உதெல்லாம் ஒரு தடியடியோ? நூற்றுக்குப் பதினெட்டு."

ரப்பர் குண்டு சுட்டால் இருபத்திரண்டு. தண்ணீர் பீச்சி அடித்தால், "கிணத்தடியில குளிக்கிற மாதிரிக் கிடக்கு" என்று பன்னிரண்டு. நூறு யாருக்குத்தான் கிடைத்தது? ஊரில் அவர் படித்த கம்பஸில் பொலிஸ் புகுந்த அன்றைக்கு. "அண்டைக்கு விழுந்ததெல்லோ அடி." அதில் அவருக்கு எத்தனை விழுந்தது? அதைக் கேட்கக் கூடாது. அன்று அவர் நூலகத்தின் மேல்மாடியில் நின்றார். எல்லாம் வடிவாகத் தெரிகிற இடம்.

இப்படி இருக்கையில் அகதி விண்ணப்பத்தை மறுத்துச் சிவநேசனுக்குக் கடிதம் வந்தது. மாத முடிவுக்குள் நாட்டை விட்டுப் போகவேண்டும். அவன் அதை உர்சுலாவிடம் சொன்னான். தினமும் சாப்பிட்ட தட்டைத் தானே கொண்டுவந்து தந்து, நின்று கதைக்கிற மாணவி. அடுத்த கிழமை ஒரு மத்தியானம் புல்வெளியில் இருநூறு பேர் நின்றார்கள். அட்டைகளில் அவன் பெயர்.

சிவநேசன் ஏப்ரனை அவிழ்த்தான். "நான் வெளியில போறன் அண்ணை. எனக்காகத்தானே நிக்கினம்."

"உனக்கென்ன விசரோ? பேரைப் பதிஞ்சாங்களெண்டால் நாளைக்கே பிளேனில ஏத்திப்போடுவாங்கள். வேலியில போற ஓணானைப் பிடிச்சு மடியில விடாதை."

பேச்சில் நியாயம் இருந்தது. சிவநேசன் நின்றுவிட்டான்.

பொலிஸ் மூன்று தரம் கலையச் சொன்னது. பிறகு புகை. "ஓடுற திசை பிழை. முப்பது" என்று அண்ணை தொடங்கியபோது, ஜன்னலுக்கு நேர் கீழே உர்சுலா முழங்காலில் விழுந்து இரண்டு கையாலும் கண்ணைத் தேய்த்தாள். அண்ணையின் புள்ளி அந்தரத்தில் நின்றது.

"தேய்க்காதை பிள்ளை, தேய்க்காதை. தண்ணியால கழுவு."

யாழ்ப்பாணத் தமிழில், பூட்டிய கண்ணாடிக்குள் நின்று சொன்னார். உண்மையாகவே பதறினார், பாவம். கண்ணீர்ப்புகைக்கு என்ன செய்யவேண்டும் என்று அந்தக் குசினியில் அவருக்கு மட்டும்தான் தெரியும். கதவுப் பூட்டு எந்தப் பக்கம் திரும்பும் என்பதும் தெரியும். ஆனால் வாளியில் துணிகளை நனைத்துக்கொண்டு கதவைத் திறந்து போனவன் சிவநேசன்.

பெயரைப் பதிந்தார்கள்தான். பிளேனில் ஏற்றவில்லை. மாணவர்கள் பிடித்துத் தந்த வழக்கறிஞர் நாட்டில் இருக்க ஆறு மாதத் தவணை வாங்கிக் கொடுத்தார்.

"ஆறு மாசம் மட்டுமோ?" என்றார் அண்ணை. "சரி, முப்பத்தைந்து. பாஸ்."

பனி கரைந்த நேரம் அண்ணைக்கும் அதே கடிதம் வந்தது. மறுநாள் இஸ்திரி போட்டு மினுக்கிய சேர்ட்டோடு வந்து, உர்சுலாவின் தட்டை இரண்டு கையாலும் வாங்கி, தனக்குத் தெரிந்த ஜெர்மனில் கேட்டார்.

"பிள்ளை, அடுத்த ஊர்வலம் எப்ப?"

"வியாழக்கிழமை வைக்கலாம். நீங்களும் வருவீர்கள்தானே?"

அண்ணை ஜன்னலைப் பார்த்தார்.

வியாழக்கிழமை போனார். முன்வரிசையில், உர்சுலாவுக்கும் சிவநேசனுக்கும் நடுவில், வாழ்க்கையில் முதல் தரமாகக் கண்ணாடிக்கு வெளியே நின்றார். ஒருவர் கொடுத்த அட்டையைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். கத்தினார், குரல் அரைவாசியில் உடைந்துபோனது. எதிரே பொலிஸ் தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டது. அண்ணை அசையவில்லை.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்கிறீர்களோ? வடிவாகத் தெரிந்தது. குசினியில் நின்றுதான் பார்த்தேன். குரல் போதாது, அட்டையும் தலைகீழ் என்று மனதுக்குள் இருபத்தைந்து போட்டேன்.

சிரிக்கிறீர்கள். சரி, இந்த எழுத்துக்கு நீங்கள் இதுவரைக்கும் எத்தனை போட்டீர்கள்? அதை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் தள்ளி மட்டும் நில்லுங்கள். உங்கள் மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்குகிறது.