மணிக்கம்பத்தடியில் நின்றவன் நான் இல்லை

செம்பாறைப்பட்டி,
இலுப்பூர் வழி.

மணமேல்குடியில் மனைவி மக்களோடும் மீன் வண்டியோடும் சௌக்கியமாக இருக்கும் திருமுருகன் மாப்பிள்ளைக்கு, உங்கள் அக்கா சுகுணாவின் வீட்டுக்காரன் ஆண்டிச்சாமி எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அக்காவும் மகள் மோகனப்ரியாவும் நலம். நான்காவது ஆளும் நலம்தான் என்று எழுதச் சொல்கிறாள் உங்கள் அக்கா. அந்த நான்காவது ஆளைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போன் இருக்கும்போது இந்தாள் எதற்குக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று நினைக்காதீர்கள். போலீஸ் என்னைப் பிடித்த அன்று பிடுங்கிய போன் இன்னும் ஸ்டேஷன் பீரோவில்தான் கிடக்கிறது. அவ்வப்போது அது அடிப்பதாகவும், எடுத்தால் யாரும் பேசுவதில்லை என்றும் ஏட்டையா என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். சார்ஜ் போடாத போன் எப்படிங்க அடிக்கும் என்று கேட்டேன். அவர் அதுவரை அதை யோசித்திருக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் எனக்கு நெஞ்சுவலி வந்தபோது நம் கண்மாய்க்கரை ஐயனாருக்கு என்னை மண்ணில் செய்து வைப்பதாக உங்கள் அக்கா வேண்டிக்கொண்டாள் அல்லவா? ஊரில் எல்லோரும் வேண்டுவதுதான். காலில் நோவென்றால் மண்ணில் ஒரு கால், பிள்ளைக்கு நோவென்றால் மண்ணில் ஒரு பிள்ளை, முழங்கை உயரத்தில் செய்து ஐயனார் குதிரைகளுக்குப் பின்னால் வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். உங்கள் அக்கா மட்டும் ஆள் உயரம் என்று வாயை விட்டுவிட்டாள். மண்குதிரை செய்யும் அடைக்கலம் வேளார், நான் ரிட்டயர் ஆன அன்று பஸ் டெப்போவில் எடுத்த போட்டோவைப் பார்த்து, வெள்ளைச் சட்டை, சாயம் அடித்த மீசை, கக்கத்தில் செக்கிங் இன்ஸ்பெக்டர் பை என்று ஒன்று விடாமல் செய்தார். மூக்குக்கண்ணாடி மண்ணில் வராது என்றதும் என்னுடைய பழைய கண்ணாடியையே அதற்கு மாட்டிவிட்டாள் உங்கள் அக்கா. ஆள் உயரம் என்பதால் சூளையில் சரியாக வேகவில்லை. “பாதி வேக்காடுதாங்க. தண்ணி மட்டும் படாமப் பாத்துக்கங்க. இனிமே நோவு அதுக்கு, ஆயுசு ஒங்களுக்கு” என்றார் வேளார். உங்கள் மீன் வண்டியில்தான் ஏற்றி வந்தோம். இறக்குவதற்கு நாலு பேர் மூச்சுத் திணறினோம். அதிலிருந்து வந்த மீன் வாடைக்கு ஊர்ப் பூனையெல்லாம் கோயில்வரை பின்னாலேயே வந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும்.

அப்புறம் தை மாசம் ஒரு நாள் அந்திக் கருக்கலில் கோயில் மணி திருட்டுப் போயிற்று. ரோட்டோரம் கம்பத்தில் தொங்குமே, அந்த வெண்கல மணிதான். நம் ஊருக்குப் புதிதாக வந்திருக்கும் வி.ஏ.ஓ. கவியரசன், குளத்தூர்ப் பக்கத்துப் பையன், அந்த நேரம் பைக்கில் வந்திருக்கிறார். கம்பத்தடியில் நான் நின்றேனாம். “என்னங்கய்யா இங்க நிக்கிறீங்க”ன்னு ரெண்டு தடவை கேட்டாராம். நான் திரும்பியே பார்க்கலையாம். ரிட்டயர் ஆன ஆளுக்கு இம்புட்டுத் திமிரா என்று அவர் போய்விட்டார். மறுநாள் மணியைக் காணோம் என்றதும் நேரே ஸ்டேஷனுக்குப் போய், ஆண்டிச்சாமிதான் காவலுக்கு நின்றான் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். எஸ்.ஐ. வந்தபோது நான் முகத்தில் சவர நுரையோடு இருந்தேன். அந்த நேரம் நான் வீட்டில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தேன், கேட்டுப் பாருங்கள் என்றேன். பாதிச் சவரத்தோடே ஜீப்பில் ஏற்றிவிட்டார். முப்பது வருஷமாக டிக்கெட் இல்லாதவனைப் பஸ்ஸை விட்டு இறக்கியவன் நான். என்னை வண்டியில் ஏற்றியவரிடம் வாரண்ட் எங்கே என்று கேட்டதற்கு இடது கன்னத்தில் ஒன்று விழுந்தது. உங்களிடம் மறைக்க வேண்டியதில்லை, மாப்பிள்ளை, நல்ல அடி. ஆனால் வலிக்கவில்லை. கொஞ்சம்கூட வலிக்கவில்லை. நம் நெஞ்சுரம் இப்படியா என்று எனக்கே அன்று பெருமையாக இருந்தது.

பழைய இரும்புக் கடையில் மணி கிடைத்தது, திருடனும் கிடைத்தான், என்னை விட்டுவிட்டார்கள். மன்னிப்பு, வருத்தம், ஒரு டீ, எதுவும் கிடையாது. அதோடு போயிருந்தால்கூட நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்திருப்பேன். அந்தத் திருட்டுப் பயல் வாக்குமூலத்தில் ஒன்று சொல்லித் தொலைத்தான். “மணியை அவுக்கையில ஒருத்தரு பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருந்தாருங்க. தடுக்கவும் இல்ல, கேக்கவும் இல்ல.” யார் அது, அடையாளம் சொல் என்றதற்கு, கண்ணாடி போட்டவர், பை வச்சிருந்தவர் என்றிருக்கிறான். போதாதா? ஐயனார் சொத்து போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்ற ஆண்டிச்சாமி என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. ஆவணியில் ஐயனாருக்கு மண்குதிரை எடுக்கும் புரவியெடுப்பு வருகிறது. தலைக்கட்டு வரி வசூலிக்கும் வீரய்யா எங்கள் தெருவுக்கு வந்து, இந்தப் பக்கத்து வீட்டில் வாங்கி, அந்தப் பக்கத்து வீட்டில் வாங்கி, நான் பணத்தோடு வாசலில் நிற்கும்போதே என்னைத் தாண்டிப் போய்விட்டார். வரி வாங்காத வீடு ஊரில் இல்லாத வீடு என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நாளைக்கு மோகனப்ரியாவுக்கு ஒரு நல்லது நடந்தால் பந்தலுக்கு ஆள் வராது. நான் போனால் தூக்க ஆள் வராது. அன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்து, சோற்றைத் தொட முடியாமல் எழுந்துவிட்டேன்.

அதனால்தான் வழக்குப் போட்டேன். எஸ்.ஐ., வி.ஏ.ஓ. ரெண்டு பேர் மேலும். காசு வேண்டாம், ஆண்டிச்சாமி அங்கே நிற்கவில்லை என்று கோர்ட் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும், அதை வீரய்யா வீட்டு வாசலில் ஒட்டிவிடுவேன். புதுக்கோட்டையில் பார்த்த வக்கீல்கள் எல்லாம் போலீஸ்மேல் என்றதும் கட்சிக்காரரைப் பார்க்கப் போகணும் என்று எழுந்துகொண்டார்கள். சரி, நமக்கு நாமே வக்கீல் என்று இறங்கிவிட்டேன். அரசாங்க ஆள்மேல் வழக்கென்றால் முதலில் நோட்டீஸ் விட்டு ரெண்டு மாசம் பொறுக்க வேண்டுமாம். என்னைப் பிடிக்கும்போது மீதிக் கன்னத்தை மழிக்கிற நேரம்கூட யாரும் பொறுக்கவில்லை. நீதிபதி அம்மா, மோகனப்ரியாவைவிட ரெண்டு வயசு கூட இருந்தால் அதிகம். “ஒங்களுக்கு யாருங்கய்யா ஆஜராகுறா?” என்று கேட்டார். “நானேதாம்மா, வேற ஆள் இல்லை” என்றேன். உங்கள் அக்கா அன்று கோர்ட்டில் பின் பெஞ்சில் இருந்தாள். நான் அப்படிச் சொன்னதும் அவள் வாசல் பக்கம் எதற்கோ திரும்பிப் பார்த்தாள்.

வி.ஏ.ஓ.வைக் கூண்டில் ஏற்றி நான் கேட்ட கேள்விகளை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். “நீங்க பாத்த ஆளு கண்ணை இமைச்சாரா?” “இல்லைங்க.” “கண்மாய்க்கரையில அந்நேரம் கொசு அள்ளிக்கிட்டுப் போகுமே, ஒரு தடவையாவது தட்டினாரா?” “இல்லைங்க.” “கூப்பிட்டா திரும்பலை, மேலுக்கு அசையலை. மனுசன் அப்படி நிப்பானா தம்பி?” நான் நீதிபதி பக்கம் திரும்பினேன். அம்மா, அது நான் இல்லை, என் சிலை என்று போட்டேன் ஒரு போடு. கோர்ட்டே சிரித்தது. நீதிபதி அம்மா சிரிக்கவில்லை. தேவிப்ரியா என்று ஒரு இளம் வக்கீலை ஆணையராகப் போட்டு, போய் நேரில் பார்த்து எழுதி வரச் சொல்லிவிட்டார்.

போனோம், மாப்பிள்ளை. ஆணையர் பாப்பா, எஸ்.ஐ., வி.ஏ.ஓ., அடைக்கலம் வேளார், நான். பட்டப்பகல். கோயில் தோப்பில் ஒரு காக்கா சத்தம்கூட இல்லை. குதிரைகளுக்குப் பின்னால், நாம் இறக்கி வைத்ததாக எனக்கு நினைவிருக்கும் இடத்தில், ஒரு வட்டத் தடம் மட்டும் இருந்தது, அதில் புல் முளைத்திருந்தது. சிலை அங்கே இல்லை. ரோட்டோரம் மணிக்கம்பத்தடியில், ரோட்டைப் பார்த்து நின்றது. இங்கிட்டிருந்து அங்கிட்டுப் போன தடம் தரையில் எங்கேயும் இல்லை. வி.ஏ.ஓ. எகிறினார், “பாருங்க மேடம், கேசுக்காக இவரே தூக்கியாந்து வச்சிருக்காரு.” நாலு பேர் தூக்கிய உருப்படியை நெஞ்சுவலிக்காரன் எப்படித் தூக்குவேன்? வேளாரைக் கேட்டார்கள். “செய்யிறதோட என் வேலை முடிஞ்சுதுங்க. அதுக்கப்புறம் நான் கிட்டப் போறதில்ல” என்று அவர் கையைக் கட்டிக்கொண்டு தூரத்திலேயே நின்றுவிட்டார்.

ஆணையர் பாப்பா என்னையும் அதையும் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுத்தாள். அப்போதுதான் நான் அதன் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். ஸ்டேஷனுக்குப் போய் வந்ததிலிருந்து நான் மீசைக்குச் சாயம் அடிப்பதில்லை. மனசு வரவில்லை. கறுப்பு பெயிண்ட் அடித்த அதன் மீசையும் வெளுத்திருந்தது. வெயிலில் பெயிண்ட் போகும்தான் என்றார் எஸ்.ஐ. புருவம் மட்டும் ஏன் கறுப்பாகவே இருக்கிறது என்றாள் அந்தப் பாப்பா. அதன் இடது கன்னத்தில் விரல் விரலாக விரிசல் விட்டிருந்தது. எஸ்.ஐ. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் வலது கையைப் பார்த்துவிட்டுக் கால்சட்டைப் பையில் விட்டுக்கொண்டார். திரும்பி வரும்வரை அந்தக் கையை வெளியில் எடுக்கவில்லை. ஜீப்பில் ஏறும்போது ஒருதரம் திரும்பிப் பார்த்தேன். கண்ணாடி மூக்கில் கொஞ்சம் இறங்கியிருந்தது. நான் டிக்கெட் பார்க்கும்போது அப்படித்தான் இறக்கி வைத்துக்கொள்வேன்.

இந்தக் கதையெல்லாம் உங்கள் அக்காவிடம் சொன்னால் அவள் முகத்தில் ஒரு அதிர்ச்சியும் இல்லை. மழை இருட்டினால் குடையை எடுத்துக்கொண்டு கோயிலுக்கு ஓடுகிறாள். நனைந்தபடி திரும்பி வருகிறாள், குடை வருவதில்லை. என்னடி அங்கேயே உட்கார்ந்திருக்கிறாய் என்றால், “அதுக்கிட்டயாவது நான் சொல்றதைச் சொல்லி முடிக்க முடியுது” என்கிறாள். இதற்கு நான் எந்தச் சட்டத்தில் பதில் தேடுவது?

ஆக, மாப்பிள்ளை, வரும் வாய்தாவுக்கு நீங்கள் கட்டாயம் சாட்சிக்கு வர வேண்டும். என்னையும் அதையும் பக்கத்துப் பக்கத்தில் பார்த்து, இது வேறு அது வேறு என்று அறிந்து, கை கொடுத்து இறக்கிய ஆள் நீங்கள். மற்ற இருவரும் சிங்கப்பூர் போய்விட்டார்கள். அப்புறம் ஒன்று. நாம் அதை இறக்கியது குதிரைகளுக்குப் பின்னாலா, மணிக்கம்பத்தடியிலா? எனக்குக் குதிரைகளுக்குப் பின்னால் என்றுதான் நினைவு. உங்களுக்கு மணிக்கம்பம் என்று நினைவிருந்தால் வழக்குக்கு நல்லது, எனக்கும் ராத்திரி தூக்கம் வரும். நன்றாக யோசித்து, மணிக்கம்பம் என்று நினைவுக்கு வந்த பிறகு பஸ் ஏறுங்கள்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பைச் சொல்லவும். கடலும் வண்டியும் உங்களுக்குக் குறை வைக்காமல் ஓட, ஐயனார் உங்களைப் பார்த்துக்கொள்ளட்டும். அவர் இப்போதெல்லாம் நிறையப் பார்க்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்,
ஆண்டிச்சாமி
(வாதி, வாதியின் வக்கீல்)

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது வீரய்யா வந்தார். நம் வரியை வாங்கிக்கொண்டார், மாப்பிள்ளை. வாசலில் நின்று, என் கையைப் பிடித்து, கேட்டு வாங்கிக்கொண்டார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. எப்படி மனசு மாறிச்சு வீரய்யா என்றேன். “நேத்து ஊர்க்கூட்டத்துல வந்து புளியமரத்தடியில நின்னீங்களே, அதான். ஆளாளுக்கு என்னென்னமோ ஏசினோம். வாய் ஓயாம சட்டம் பேசுற மனுசன், ஒரு வார்த்தை பேசலையே. ஊர்த்தலைவரு அம்பலத்துக்கே தாங்கலை. தப்பு செஞ்சவன் இப்படி நிக்க மாட்டான், வரியை வாங்குங்கடான்னுட்டாரு. ஆமா, நேரா மணமேல்குடியிலேருந்து வந்தீங்களாக்கும்? கிட்ட வந்தா ஒரே மீன் வாடை” என்றார். நேற்று முழுக்க நான் புதுக்கோட்டையில் டைப்பிங் கடையில் இருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் உங்கள் அக்கா உள்ளேயிருந்து, “ஆமாண்ணே, தம்பி வீட்டுக்குப் போயிட்டுத்தான் வந்தாரு” என்றாள். அவர் போனதும் என்னிடம், “நீங்க பேசினது போதும்” என்றாள்.

அதனால் நீங்கள் சாட்சிக்கு வர வேண்டாம். இது வேறு அது வேறு என்று கோர்ட்டில் நிரூபித்துவிட்டால், ஊர் சேர்த்துக்கொண்டது அதைத்தான், என்னை அல்ல என்று ஆகிவிடும். வாய்தாவில் எழுந்து, வி.ஏ.ஓ. பார்த்தது என்னைத்தான், நான்தான் நின்றேன் என்று சொல்லி வழக்கை முடித்துக்கொள்ளப் போகிறேன். இவ்வளவு பாடுபட்டுத் தோற்பது வலிக்கும் என்று நினைத்தேன். வலிக்கவில்லை. கொஞ்சம்கூட வலிக்கவில்லை, எனக்குப் பயமாக இருக்கிறது.

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடுங்கள். என்றாவது நான் உங்கள் வீட்டு வாசலில் வந்து பேசாமல் நின்றால், உள்ளே கூப்பிட்டு மரியாதையாக உட்கார வையுங்கள். குடிக்கத் தண்ணீர் மட்டும் கொடுத்துவிட வேண்டாம்.