குரூப் போட்டோவில் ஒரு ஆள் அதிகம்

மலிவாக இருக்க வேண்டும், தரமாக இருக்க வேண்டும், புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் பொதுவாகவும் இருக்க வேண்டும் என்று ஒரு பொருளைத் தேடுகிறவர்கள், கடைசியில் இந்த மூன்றுமே இல்லாத ஒன்றைத்தான் வீட்டுக்குத் தூக்கி வருவார்கள். இதை நான் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்து, அதைக் கொண்டு என் கணவரின் தாய்மாமன் குடும்பத்தையே வாயடைக்க வைத்துத் தெரிந்துகொண்டேன்.

கல்யாணத்துக்கு முன்பு பெரம்பலூரில் ஒரு ஸ்டூடியோவில் எடிட்டிங் வேலை பார்த்தேன். மணப்பெண்ணின் பருவை அழிப்பது, மாப்பிள்ளையின் வழுக்கையில் நாலு முடி நடுவது, மண்டபத்து விளக்கு எல்லார் முகத்திலும் பூசிய பச்சையைத் துடைப்பது என்று நல்ல பெயர் எடுத்திருந்தேன். (அந்த நல்ல பெயரில் பாதி ஸ்டூடியோ முதலாளி வாங்கி வைத்திருந்த விலை உயர்ந்த மானிட்டருக்குச் சேர வேண்டியது என்பது அப்போது உறைக்கவில்லை.) கல்யாணமாகி அரியலூர் வந்ததும் சொந்தமாகவே தொழில் செய்வதென்று கிளம்பினேன். கேமரா இருந்தது. கம்ப்யூட்டர்தான் இல்லை.

என் கணவர் மணிமாறனுக்கு சிமென்ட் ஆலையில் வேலை. ஷிப்ட் முடிந்து, தலையில் படிந்த சுண்ணாம்புத் தூசியைக் கழுவிவிட்டு உட்கார்ந்தால், அவருக்கு உலகத்தில் ஒரே ஆசைதான்: யாரையாவது சுட வேண்டும். செல்போனில் துப்பாக்கி கேம் ஆடி ஆடிக் கட்டைவிரல் தேய்ந்துபோயிருந்தது. ஆகவே என் எடிட்டிங்குக்கும் அவர் யுத்தத்துக்கும் சேர்த்து ஒரே மிஷின் என்று முடிவாயிற்று.

"கிராபிக்ஸ் கார்டுதான் அமுதா உசுரு. மத்ததெல்லாம் அதுக்குச் சோறு போடத்தான் இருக்கு" என்றார்.

"எனக்கு மானிட்டர்தாங்க முக்கியம். கலரு சரியாத் தெரியலன்னா எதைப் பாத்து எடிட் பண்றது?"

"கலரு எல்லா மானிட்டர்லயும் ஒண்ணுதான. செவப்பு செவப்பாத்தான் தெரியப் போவுது."

நான் அத்தோடு விட்டிருக்கக் கூடாது. ஆனால் அந்த வயதில் எனக்கு என் கண்ணின் மேல் அப்படி ஒரு கர்வம். எந்தத் திரையைக் கொடுத்தாலும் என் கண் சரிசெய்துகொள்ளும் என்று பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தேன். திருச்சிக்குப் போய் பிராசசர், மதர்போர்டு, ரேம் எல்லாம் வாங்கினோம். கிராபிக்ஸ் கார்டு ஒரு பெரிய விருந்தாளியைப் போல வந்து பட்ஜெட்டில் பெரும்பங்கைத் தின்றது. பவர் சப்ளை பெட்டியை அழுத்தி அழுத்தி விலை பேசி, கடைக்காரரே வெட்கப்படும்படி ஒன்றை எடுத்தோம். மானிட்டருக்கு என்று மிச்சம் ஒன்றும் இல்லை.

பெரம்பலூரில் மூடப்போகும் ஒரு பிரவுசிங் சென்டரில் பழைய மானிட்டர்கள் விற்கிறார்கள் என்று என் கணவர் கேள்விப்பட்டு வந்தார். போனோம். ஷட்டர் பாதிதான் தூக்கியிருந்தது. குனிந்து உள்ளே நுழைந்தால் பலகைத் தடுப்புகள், ஒவ்வொன்றுக்கும் பழுப்பேறிய ஒரு திரைச்சீலை. நல்ல வெயில் நேரத்திலும் உள்ளே ஈரம் கலந்த இருட்டு. தடுப்புகள் எல்லாம் காலி. கடைசித் தடுப்பில் மட்டும் ஒரு மானிட்டர் தனியாக உட்கார்ந்திருந்தது. அதன் எதிரே நாற்காலி கொஞ்சம் பின்னால் தள்ளி இருந்தது, யாரோ இப்போதுதான் எழுந்து போனது போல.

"எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிட்டாங்க. இது ஒண்ணு மட்டும் போவ மாட்டேங்குது. வந்து பாக்குறாங்க, பாத்துட்டுப் பேசாமப் போயிடுறாங்க" என்றார் கடைக்காரர்.

இப்படி ஒரு வார்த்தையைக் கேட்ட பிறகு புத்தி உள்ளவள் என்ன செய்வாள்? நான் கீறல் இருக்கிறதா என்று பார்த்தேன். கீறல் இல்லை. தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

மிஷின் எங்கள் வீட்டு முன்னறையில் எழுந்து நின்றது. கண்ணாடிப் பெட்டிக்குள் மூன்று விசிறிகளும் ரத்தச் சிவப்பில் சுழன்றன. (வேறு நிறத்துக்கு விலை அதிகம்.) மலிவு விலைப் பவர் சப்ளை தொண்டையில் சளி கட்டியவர் மாதிரி மெல்ல முனகியது. என் மாமியார் எங்களோடுதான் இருந்தார். பகலில் நானும் அவரும் மட்டும்தான் வீட்டில். ஒரு மத்தியானம் கரண்ட் போய்த் திரும்பி வந்தது. நான் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மாமியார் வேகமாக வந்து என் பக்கத்தில் நின்றார்.

"நான் ஒண்ணும் தொடல. கரண்டு வந்துச்சு, அதுவும் எந்திரிச்சிடுச்சு" என்றார்.

உள்ளே போய்ப் பார்த்தேன். ஜன்னல் சாத்திய அறையின் இருட்டில் சிவப்பு வெளிச்சம் சுவரெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. முனகல் கேட்டது. மதர்போர்டில் ஒரு செட்டிங் அப்படி வைத்திருந்தால் கரண்ட் வந்ததும் மிஷின் தானே எழுந்துகொள்ளும். இதை நான் வெகுநாள் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். அன்றைக்கு இருவரும் வாசலிலேயே உட்கார்ந்து என் கணவர் வருவதற்காகக் காத்திருந்தோம். மறுநாள் மாமியார் பெட்டியின் முன்பக்கம் கை நிறைய விபூதி பூசிவிட்டார். விசிறி அதை அப்படியே உள்ளே இழுத்துக்கொண்டது. என் கணவர் பெட்டியைத் திறந்தபோது கிராபிக்ஸ் கார்டு பழனிக்குப் போய்வந்த கோலத்தில் இருந்தது.

இந்த மிஷினில்தான் என் முதல் சொந்த ஆர்டரைச் செய்தேன். மாமியாருக்கு எறையூரில் இரண்டு அண்ணன்கள். சின்னவரின் மகள் கயலுக்குக் கல்யாணம். பெரிய மாமாதான் அந்தக் கல்யாணத்தையே தூக்கி நிறுத்தியவர். கரும்புக் காட்டு வேலைக்கு ஆள் விரட்டும் அதே குரலில் பந்தியை நடத்திக்கொண்டிருந்தார். குடும்பமாக குரூப் போட்டோ எடுக்க எல்லாரும் மேடையில் நின்றபோது நானே சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய்க் கூப்பிட்டேன்.

"நீ எடும்மா. இந்தப் பந்தி முடியட்டும், வந்து நின்னுக்குறேன்" என்றார்.

பந்தி முடியவில்லை. அவர் வரவில்லை. மணமக்களுக்குப் பின்னால் அவருக்காக விட்ட இடம் அப்படியே இருக்க, அவர் இல்லாமலே படம் எடுத்தேன். சில வாரங்களில், வயலுக்குப் போனவருக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார்.

காரியம் எல்லாம் முடிந்து, வீடு கொஞ்சம் மூச்சு விட்ட பிறகு ஆல்பம் வேலையை எடுத்தேன். முதல் நாளே ஒன்று நடந்தது. எடிட்டிங் சாப்ட்வேர் மட்டும் திறந்து, படம் எதுவும் வராமல் திரை வெறும் சாம்பல் நிறத்தில் இருந்தபோது அதன் நடுவில் தலையும் தோளுமாக ஒரு மங்கலான உருவம் தெரிந்தது. எனக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பினேன். யாரும் இல்லை. மாமியார் கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். ஜன்னல் வெளிச்சத்தில் என் உருவமே கண்ணாடியில் விழுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ஒரு பழைய புடவையை ஜன்னலுக்குக் கட்டினேன். அணைத்துவிட்டு மறுபடி போட்டால் உருவம் இல்லை. இனிமேல் திரையில் எது தெரிந்தாலும் அது போட்டோவில் இருப்பதுதான் என்று முடிவுகட்டினேன். (என் அறிவின் மேல் எனக்கு இருந்த நம்பிக்கை, கண்ணின் மேல் இருந்ததற்குச் சற்றும் குறைந்ததல்ல.)

எல்லார் முகமும் மஞ்சளடித்து, மங்கலாகத் தெரிந்தது. மஞ்சளை எடுத்தேன், சிவப்பைக் குறைத்தேன், வெளிச்சத்தை ஏற்றினேன். குரூப் போட்டோவுக்கு வந்தபோது மணமக்களுக்குப் பின்னால், மேடைத் திரைச்சீலையில், ஆள் நிழல் போல ஒன்று விழுந்திருந்தது. ஃபிளாஷ் அடித்தால் இப்படி நிழல் விழுவது சகஜம்தான். பிரஷ்ஷை எடுத்து, தலை, கழுத்து, தோள் என்று ஓரம் பிசகாமல் அந்த நிழலை வெளுப்பாக்கி அழித்தேன். அரைநாள் வேலை. அவ்வளவு சுத்தமாக நான் எதையும் செய்ததில்லை.

ஆல்பம் அச்சடிக்கும் லேபிலிருந்து போன் வந்தது. "மேடம், சூப்பரா இருக்கு. எல்லாரும் ஃபாரின்காரங்க மாதிரி வெள்ளையா வந்திருக்காங்க" என்றார்கள். நான் பெருமையில் ஒரு சுற்றுப் பெருத்தேன். பார்சல் வந்ததும் பிரிக்கப் போனேன். மாமியார் தடுத்தார். "அங்கயே கொண்டுபோயிப் பிரிப்போம். அண்ணன் போனதுலேருந்து அந்த வூட்ல யாரும் சிரிக்கவே இல்ல."

எறையூரில் கூடம் நிறைய ஆட்கள். சர்க்கரை ஆலையின் புளித்த வெல்ல வாசனை காற்றில் வந்துகொண்டிருந்தது. பெரிய மாமாவின் மனைவியை நாங்கள் பெரியத்தை என்போம். அவரையும் உள்ளறையிலிருந்து கூட்டிவந்து நடுவில் உட்கார வைத்தார்கள். கயல் ஆல்பத்தைத் திறந்தாள்.

முதல் பக்கத்தில் கயல். உதடு நீலம் பாரித்திருந்தது. முகத்தில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. கண்கள் மட்டும் திறந்திருந்தன. அடுத்த பக்கம் மாப்பிள்ளை, அதே கதி. தாலி கட்டும் பக்கத்தில், மாலை போட்ட ஒரு பிணம் இன்னொரு பிணத்துக்குத் தாலி கட்ட, சுற்றிலும் சாம்பல் நிறத்து உறவினர்கள் கைதூக்கி அட்சதை போட்டார்கள். சின்ன மாமா பந்தியில் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்தால் வாயில் போடுவதற்குச் சோறு தேவையில்லை, அரிசி போதும் என்று தோன்றியது.

 பக்கம் புரளும் சத்தம் மட்டும் கேட்டது.

"என்னம்மா இது, எல்லாரையும் கொன்னு வச்சிருக்க" என்றார் சின்ன மாமா, மெதுவாக.

நான் பதில் சொல்வதற்குள் கயல் நடுப்பக்கத்தைப் பிரித்தாள். குரூப் போட்டோ. பிரித்தவள் கையை எடுத்துக்கொண்டாள்.

சாம்பல் நிற முகங்களின் வரிசைக்கு நடுவில், மணமக்களுக்குப் பின்னால் காலியாக இருந்த இடத்தில், ஒருவர் நின்றுகொண்டிருந்தார். வெள்ளையாக, தலையும் தோளுமாக. முகம் இல்லை. ஆனால் ஓரம் அவ்வளவு துல்லியம்.

"அங்க யாரு நின்னா?" என்று யாரோ கேட்டார்கள்.

"அது அவருக்கு விட்ட எடம்" என்றார் என் மாமியார். "அண்ணனுக்கு விட்ட எடம்."

பெரியத்தை எழுந்து வந்தார். ஆல்பத்தின் முன் உட்கார்ந்து, அந்த வெள்ளைத் தோளின் மேல் கையை வைத்தார். "வந்து நின்னுக்குறேன்னு சொன்னாராமே" என்றார். அதற்கு மேல் அந்தக் கூடத்தில் அழாதவர்கள் யாரும் இல்லை. என்னையும் சேர்த்து. எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

அன்றைக்கே அரியலூர் திரும்பினோம். மறுநாள் காலை என் கணவர் பக்கத்தில் இருக்க, அதே படத்தைத் திரையில் திறந்தேன். மானிட்டரில் எல்லாரும் உயிரோடு, செழிப்பாக இருந்தார்கள். அதையே அவர் செல்போனில் பார்த்தால் பிணங்கள். கிழடுதட்டிய மானிட்டர் எல்லாவற்றையும் மஞ்சளாகவும் மங்கலாகவும் காட்டியிருக்கிறது. நான் இல்லாத மஞ்சளை எடுக்கிறேன் என்று இருந்த ரத்தத்தை உறிஞ்சியிருக்கிறேன்.

"சரிங்க, அந்த உருவம்?" என்றேன்.

திரை சூடேறச் சூடேற, அது மெல்ல மேலே எழுந்து வந்தது. தலை, தோள். படத்தை ஓரத்துக்கு நகர்த்தினேன். படம் நகர்ந்தது. அது நகரவில்லை. மூடினேன். வெற்றுத் திரையிலும் நின்றது. என் கணவரின் முகம் வெளிறிவிட்டது. ஆனால் அவருடைய காரணம் வேறு.

"இவன் என் கேம்லயும் நிக்கிறான் அமுதா. கேம்ல உள்ள ஆளுன்னுல்ல நெனச்சேன். எத்தனை நாளா சுட்டுகிட்டு இருக்கேன், சாவவே மாட்டேங்குறான்."

அந்தத் தலையையும் தோளையும் பார்க்கப் பார்க்க, அது எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிந்தது. பிரவுசிங் சென்டரில் வருஷக்கணக்காக அந்தத் திரையில் ஒரே படம்தான் காத்திருந்திருக்கிறது. பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும் பெட்டி, அதன் மேல் தலையும் தோளுமாக ஒரு ஆள் படம். அசையாமல் அத்தனை வருஷம் நின்றதில் அது அழியாத கறையாகத் திரையிலேயே பதிந்துவிட்டது. வந்து பார்த்தவர்கள் பேசாமல் போனது இதனால்தான். நான் அந்த மானிட்டரின் கறையைக் கல்யாணப் படத்திலிருந்து அரைநாள் உட்கார்ந்து அழித்து, இல்லாத ஒருவரை வரைந்து முடித்திருக்கிறேன்.

எறையூருக்குப் போய்ச் சொல்வதா வேண்டாமா என்று நான் தடுமாறியபோது, "சொல்லிடு. அவங்க அதைக் கும்பிட ஆரம்பிச்சா அப்புறம் உனக்குத் தூக்கம் வராது" என்றார் என் கணவர். போனேன். எல்லார் முன்னாலும், ஒன்றையும் மறைக்காமல் விளக்கினேன். சின்ன மாமா கேட்டுவிட்டு, ரொம்ப நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார். கயல் சிரித்துச் சிரித்துப் புரையேறினாள். பெரியத்தை மட்டும் சிரிக்கவில்லை.

"நீ சொல்றது சரியாத்தான் இருக்கும்மா" என்றார். "நீ படிச்ச புள்ள. ஆனா அந்த டப்பா நெழலு வேற எங்கயாச்சும் விழுந்திருக்கலாம்ல. அவருக்கு விட்ட எடத்துல வந்துதான் விழணுமா?"

திரையின் நடுவில்தான் கறை, படத்தின் நடுவில்தான் இடம் என்று சொல்ல வாயெடுத்தேன். மூடிக்கொண்டேன்.

ஆல்பத்தை நான் முன்பு வேலை பார்த்த ஸ்டூடியோவின் நல்ல மானிட்டரில் திருத்தி, என் செலவில் புதிதாக அடித்துக் கொடுத்தேன். பழையதிலிருந்து அந்த ஒரு படத்தைப் பெரியத்தை பிரேம் போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டார். புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். கதை தெரிந்தவர்கள் என்னைப் பார்ப்பார்கள்.

அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் எந்த விசேஷம் என்றாலும் நான்தான் போட்டோ. குரூப் போட்டோவுக்கு நிற்கும்போது யாராவது ஒருவர், "அமுதா எடுக்குறா, நடுவுல ஒரு ஆளுக்கு எடம் விடுங்கப்பா" என்பார். மேடையே சிரிக்கும். போன மாதம் கயல் பையனுக்குக் காதுகுத்து. அப்போதும் அதே பேச்சு, அதே சிரிப்பு. சிரிப்பு அடங்கியதும் கேமராவுக்குள் பார்த்தேன். நடுவில் ஒரு ஆள் இடம் காலியாக இருந்தது.

"கொஞ்சம் நெருங்கி நில்லுங்க" என்றேன்.

யாரும் நகரவில்லை. எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் அப்படியே எடுத்துவிட்டேன்.