தவில்காரரைத் துரத்திய கார்

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவனுக்கு ஒரு வசதி உண்டு. எதைக் கேட்டாலும் தெரியும் என்று சொல்லிவிடலாம். யாரும் சர்டிபிகேட் கேட்க மாட்டார்கள். அந்த வசதியை நான் கொஞ்சம் ஓவராகவே அனுபவித்தவன்.

கோபாலபுரத்தில் வெங்கட்ராமன் மாமாவிடம் வெள்ளைக்காரன் காலத்துக் கார் ஒன்று இருந்தது. மேல்கூரை கிடையாது. மாமா அதை ஓட்டியதைவிடத் துடைத்ததுதான் அதிகம். (பழைய கார் வெச்சிருக்கிறவங்க பாதிப்பேர் அப்படித்தான். பெட்ரோலைவிட மஞ்சத்துணிதான் ஜாஸ்தி ஆவும்.) அவருடைய தம்பி மகனுக்கு மயிலாப்பூரில் கல்யாணம். முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளையை ஊர்வலமாக அழைத்துப் போகிற ஜானவாசத்துக்கு அந்தக் கார்தான் என்று முடிவானது. ராஜா அண்ணாமலைபுரத்து ஷெட்டில் ஸ்பானர் பிடித்துக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு, வண்டியைத் தயார் செய்து நீயே ஓட்டு என்றார்.

எனக்கு அதில் சொந்த லாபம் ஒன்று இருந்தது. ஊர்வலத்தில் தவில் வாசிக்கப் போகிறவர் ஏழுமலை. அவருடைய மகள் கஸ்தூரியைத்தான் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டேன். கஸ்தூரிக்குச் சம்மதம். அவருக்கு என் வாய் பிடிக்கவில்லை. "அவனுக்கு வாய் மட்டும்தான் ஓடுதா, வேலையும் ஓடுதான்னு பாக்குறேன்" என்று மகளிடம் சொல்லியிருந்தார். ஊர்வலத்தில் தவில் முன்னே போகும், கார் பின்னே வரும். இதைவிட நல்ல பரீட்சை ஹால் எனக்கு எங்கே கிடைக்கும்?

ஜானவாசக் கார் நாதஸ்வரக்காரர் நடக்கிற வேகத்தில் ஊர்ந்தால் போதும். அதற்கு ஐடிலிங் சரியாக இருக்க வேண்டும். அதாவது ஆக்சிலரேட்டரில் கால் வைக்காவிட்டாலும் எஞ்சின் அணையவும் கூடாது, உறுமவும் கூடாது. கார்பரேட்டரில் அதற்கென்று ஒரு ஸ்க்ரூ இருக்கிறது; ஏற்றினால் எஞ்சின் வேகம் கூடும்.

மத்தியானமே வண்டியைக் கொண்டுபோய், ஊர்வலம் கிளம்புகிற பிள்ளையார் கோயில் வாசலில் நிறுத்திவிட்டேன். வழியில் இரண்டு சிக்னலில் அணைந்து மானத்தை வாங்கியது. சாயங்காலம் எஞ்சின் நன்றாக ஆறிப்போயிருந்தபோது ஸ்டார்ட் செய்தேன். இருமிவிட்டு அணைந்தது. ஸ்க்ரூவை ஒரு சுற்று ஏற்றினேன். போதவில்லை. இன்னொரு சுற்று.

பக்கத்தில் நின்ற மாமா கேட்டார். "ஏன்டா டில்லி, எஞ்சின் சூடாக வேண்டாமோ? சூடானப்புறம்னா அதைத் திருப்பணும்?"

"அதெல்லாம் உங்க காலம் மாமா. நான் காதால கேட்டே வெச்சிடுவேன்."

சொல்லிவிட்டு, கச்சேரி கேட்கிறவன் மாதிரி கண்ணை மூடித் தலையை ஆட்டி, மூன்றாவது சுற்றையும் ஏற்றினேன். எஞ்சின் அழகாக முனகியது. நானும் முனகினேன்.

ஊர்வலம் கிளம்பி முதல் ஐந்து நிமிஷம் சொர்க்கம். பிறகு எஞ்சின் சூடானது. முனகல் உறுமலாயிற்று. ஆக்சிலரேட்டரில் என் கால் இல்லவே இல்லை. வண்டி தானாக ஓடியது. கிளட்சை மிதித்து நிறுத்தினால், எஞ்சின் போட்ட சத்தத்தில் நாதஸ்வரம் கேட்கவில்லை; மொத்த ஊர்வலமும் திரும்பி என்னைப் பார்த்தது. கிளட்சை விட்டால் வண்டி பாய்ந்தது. அணைத்துவிடலாம்தான். அணைத்தால் மறுபடி கிளம்புமா என்பது அந்தப் பிள்ளையாருக்கே தெரியாது. கிளம்பாத வண்டியில் உட்கார்ந்திருப்பவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? ஓட்டினேன்.

கோஷ்டி ஒதுங்கவும் வழியில்லை. ஒரு பக்கம் மெட்ரோ வேலைக்கு அடித்த தகரத் தடுப்பு, இன்னொரு பக்கம் வரிசையாக பைக்குகள். நடந்தவர்கள் வேகமாக நடந்தார்கள், பிறகு ஓடினார்கள். வாசித்துக்கொண்டே ஓடினார்கள், அதுதான் தொழில் பக்தி. பம்பர் வேட்டியில் உரசியதும் ஏழுமலை திரும்பி, என்னைப் பார்த்தபடியே பின்பக்கமாக ஓட ஆரம்பித்தார். அடித்தது தவிலை, பார்த்தது என் கன்னத்தை.

முக்கால் மணி நேர ஊர்வலம் கால் மணியில் மண்டபத்தை அடைந்தது. பெண்ணின் அப்பா பனியனோடு நின்றிருந்தார். ஆரத்தி கரைக்கவே இல்லை. சீர்த்தட்டு ஏந்திய மாமிகள் இரண்டு தெரு பின்னால். கோட்டு போட்ட மாப்பிள்ளை முன் கண்ணாடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். (மாப்பிள்ளை வந்துட்டாரு, கல்யாணம் பின்னாடி வந்துக்கினு இருந்திச்சி.)

மூச்சு வாங்க வந்து சேர்ந்த மாமா, என்மேல் இரக்கப்பட்டு, கார் ரொம்பப் பழசு, அதுதான் காரணம் என்றார். ஏழுமலை தவிலை இறக்கி வைத்தார்.

"காரு பழசு, சரி. ஓட்டுனவன்?"

பெட்ரோல் சரியில்லை, மெட்ரோ தூசி அடைத்துவிட்டது என்று நாலு பொய் என்னிடம் தயாராக இருந்தது. அவர் வேட்டியில் பம்பரின் கறுப்பு அழுக்கு பட்டையாக ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் நாலையும் விட்டுவிட்டேன்.

"என் தப்புதாங்க. சூடாவறதுக்கு முன்னாடியே திருப்பிட்டேன். மாமா சொன்னாரு, நான்தான் கேக்கல."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இத்த சொல்றதுக்கும் ஒரு வாய் வெச்சிருக்கியா நீ?" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஆறு மாதம் கழித்துப் பெண் கொடுத்தார். ஒரே நிபந்தனை: மாப்பிள்ளை அழைப்புக்குக் கார் கூடாது. என் கல்யாணத்துக்கு நான் நடந்துதான் போனேன். மாமனார் எனக்குப் பின்னாலேயே வந்தார்.

இன்றைக்கும் நின்றிருக்கிற எந்தக் காரின் குறுக்கே போவதானாலும் டிரைவர் சீட்டில் நான் இருக்கிறேனா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் போவார். அவர் வீட்டுக்கு வந்திருக்கும்போது நான் எதையாவது அளக்க ஆரம்பித்தால் போதும், அடுப்படியிலிருந்து கஸ்தூரி குரல் கொடுப்பாள்.

"நைனா, தள்ளி குந்து. இவரு மூணாவது சுத்து ஏத்தறாரு."

மனுஷர் நிஜமாகவே எழுந்து சுவரோரம் போய் உட்கார்ந்துகொள்வார்.