சாய்வு நாற்காலிச் சட்டம்

இனி இந்த ஜென்மத்தில் சமையலறைப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று குமாஸ்தா முடிவெடுத்தார்.

அந்த வீட்டில் ஒரு சட்டம். சாயங்காலம் இருவரும் வீடு திரும்பியதும், வேலையில் யாருக்குச் சலிப்பு அதிகமோ அவருக்குச் சாய்வு நாற்காலி. மற்றவருக்கு அடுப்பு. குமாஸ்தாவுக்கு அரசாங்க உத்தியோகம், மனைவிக்குத் தனியார் கம்பெனி. சட்டம் போட்டவள் மனைவி. ஓட்டையைக் கண்டுபிடித்தவர் குமாஸ்தா. மாடிப்படி ஏறும்போதே முனக ஆரம்பித்துவிடுவார். செருப்பைக் கழற்றுவதற்குள் பாதி உயிர் போயிருக்கும்.

“செத்துட்டேம்மா. மலை மாதிரி ஃபைல். அதிகாரி மனுஷனே இல்ல, ராட்சசன். உனக்கென்ன.”

“எனக்கென்னவா? தினம் காலையில வரிசையா நிக்க வச்சு, ‘மகிழ்ச்சியா இருக்கோம்’னு சொல்லிக் கைதட்ட விடுறாங்க.”

“பாத்தியா, உன் வாயாலயே சொல்லிட்ட. போ, அடுப்பைப் பத்த வை.”

பல வாரங்கள் இப்படியே போயின. நாற்காலித் துணியில் அவர் முதுகின் அச்சு விழுந்துவிட்டது.

அன்று முதல் முனகலுக்கே மனைவி கண்கலங்கி ஓடிவந்தாள்.

“போதுங்க, என்னால பாக்க முடியல. எங்க மேனேஜர்கிட்ட பேசிட்டேன். என் பக்கத்து சீட் காலியாம். அந்தப் பாழாப்போன வேலையை விட்டுட்டு வந்துடுங்க. இதோ, லைன்லயே இருக்கார்.”

குமாஸ்தாவுக்குத் தன் ஆபீஸ் ஜன்னலோர மேசை கண்முன் வந்தது. தலைக்கு நேர்மேலே சுழலும் மின்விசிறி வந்தது. வரிசையில் நின்று கைதட்டும் தன்னையும் ஒரு கணம் பார்த்தார். போனைப் பிடுங்கினார்.

“சார், தப்பா எடுத்துக்காதீங்க. எங்க ஆபீஸ் சொர்க்கம் சார். ஃபைல் தானா வரும், தானா போகும். நடுவுல நான் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். அதிகாரி தங்கம். நான் கண்ணசந்தா ஃபேனைக் கூட்டி வைப்பார். இதைவிட சந்தோஷமான வேலை உலகத்துலயே கிடையாது சார்.”

“இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லுங்க,” என்றாள் மனைவி. திரும்பிப் பார்த்தார். அவள் நாற்காலியில் சாய்ந்து கால் நீட்டியிருந்தாள்.

மறுமுனையில் குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

“உங்க வீட்டுச் சட்டத்தை உங்க சம்சாரம் எங்க வீட்டுலயும் சொல்லிட்டாங்க சார்,” என்றார் மேனேஜர். “எனக்கும் வேலை ரொம்பப் பிடிக்கும்னு வாய்தவறிச் சொல்லித் தொலைச்சேன். சரி, வச்சிடட்டுமா? இங்க பாத்திரம் குவிஞ்சு கிடக்கு. அங்கயும் கிடக்குமே.”