எங்கள் மீன்தொட்டியில் கருந்தாடிப் பாசி

நுண்ணுயிரியல் படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் அதற்குப் பெயர் சொல்லியாக வேண்டும். ‘தெரியாது’ என்று சொல்ல மட்டும் எங்களுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. திருபுவனையில் ஒரு தொழிற்சாலையில் தண்ணீர் சோதிக்கும் வேலைக்குச் சேர்ந்த ஆறாவது மாதம் எனக்கு அது முற்றியது.

மறுநாள் அக்காவுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளைக்கு ஊர் மணப்பட்டு. வில்லியனூரில் எங்கள் வீடு தலைகீழாகக் கிடந்தது. காரணம், அம்மாவின் சவுரியைக் காணவில்லை. கடையில் வாங்கிய நைலான் அல்ல அது. சீப்பில் வந்த தன் முடியைப் பத்து வருடம் சேர்த்துவைத்து, ஆள் பிடித்துக் கட்டி வாங்கியது. அக்காவின் எலிவால் ஜடை அதை நம்பித்தான் இருந்தது.

“செவ்வாக்கெழம டை அடிச்சிக் கழுவி, இங்கதான் எங்கியோ மாட்டுனேன்” என்று அம்மா பீரோவைக் குடைந்துகொண்டிருந்தாள்.

“நைலான்லாம் வச்சா நான் மணையில வந்து உக்கார மாட்டேன்மா. போட்டோல பிளாஸ்டிக் கொடம் மாதிரி மின்னும்.” அக்கா அழாத குறை.

நான் தேடவில்லை. (முதுகலை முடித்தவள் சவுரி தேடுவாளா?) ஹாலில், மூடியில்லாத மீன்தொட்டியின் முன் உட்கார்ந்திருந்தேன். ஃபில்டருக்குப் பின்னால் முழ நீளத்துக்குக் கறுப்பாக ஏதோ அலைந்தது. நோட்டை எடுத்தேன். ஒன்று, இழை இழையாக இருக்கிறது. இரண்டு, மேலே பச்சை வழவழப்பு. மூன்று, மீன்கள் பயந்துபோய் எதிர்மூலையில் நிற்கின்றன. முடிவு: மீன் வளர்ப்பவர்கள் கருந்தாடி என்று சொல்லும் பாசி. அது விரல் நீளம்கூட வளராது. இதுவோ ஒரு முழம். அப்படியென்றால் புது இனம்!

மீன் வளர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டேன். “மேடம், ஒரு துண்டு கெடைக்குமா?” என்று அரியாங்குப்பத்திலிருந்து ஒருவர் கேட்டார். அந்த ‘மேடம்’தான் என்னைக் கெடுத்தது.

கருந்தாடி பார்க்கத்தான் கறுப்பு. பிறப்பால் சிவப்புப் பாசி. ஸ்பிரிட்டில் போட்டால் சிவந்து குட்டு வெளிப்பட்டுவிடும். தையல் கத்தரிக்கோலால் கொத்துக் கொத்தாக வெட்டி மூன்று பாட்டில்களில் போட்டு ஸ்பிரிட் ஊற்றினேன். செம்பழுப்பாகச் சாயம் இறங்கியது. “உறுதி!” என்று கத்தி, லேபிளும் ஒட்டினேன்.

பிறகுதான் அடிக்கட்டையைப் பிடுங்கினேன். அதில் கறுப்பு நூல் இறுக்கமாக நான்கு சுற்று, மேலே மாட்டுவதற்கு ஒரு வளையம். பாசி தனக்குத் தானே முடிச்சுப் போட்டுக்கொள்ளும் என்று எந்தப் பாடத்திலும் இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். தொட்டிக்கு நேர் மேலே, ஃபேன் காற்று படும் இடத்தில், ஒரு காலி ஆணி.

“இன்னாடி அது கையில?” அம்மா பின்னால் நின்றாள்.

“பாசிம்மா...”

“பாசியா? பத்து வருஷம் என் தலையிலதான்டி வளந்துச்சி உன் பாசி!”

அக்கா பாட்டில்களைப் பார்த்தாள். கத்தரிக்கோலைப் பார்த்தாள். அப்புறம், இடுப்பைத் தொடும் என் ஜடையை மட்டும் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“அக்கா, வேணாம்.”

“அவ முடி யாரு முடி? நான் பெத்த முடிதான” என்றாள் அம்மா. “இப்பிடித் திரும்பு.”

திரும்பினேன். வேறு வழி? வெட்டிய ஜடையின் நிறம் அக்காவுக்கு ஒத்துப்போகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துச் சரிபார்த்ததும் நானேதான். (வேலைப் பழக்கம்.) அதே கறுப்பு நூலால் அம்மா அதைக் கட்டினாள். மறுநாள் அக்காவின் ஜடையை மாப்பிள்ளை வீட்டார் வாய் ஓயாமல் புகழ்ந்தார்கள். “சின்னப் பொண்ணு மட்டும் கொஞ்சம் மாடர்ன்போல” என்று என் கழுத்தைப் பார்த்தும் சொன்னார்கள்.

கல்யாணமான கையோடு அக்கா எல்லாவற்றையும் மாமாவிடம் கொட்டிவிட்டாள். என் முடி இப்போது தோளைத் தாண்டிவிட்டது. மாமா எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் செருப்பைக் கழற்றும் முன்பே எட்டிப் பார்த்துக் கேட்கிறார்:

“இன்னா மேடம், நல்லா வளந்துருக்கே! ஒரு துண்டு கெடைக்குமா?”