ஊசித்துளைக் காமிராவும் உங்கள் தங்கையும்

பெருமதிப்புக்குரிய மச்சானுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் இரண்டு பேர். அதில் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்குக் கிளம்புகிறார். "இனிமே அண்ணன் வீட்டுலயே இருந்துக்கறேன்" என்று அவள் உங்களிடமும் சொல்லிவிட்டாளாம். நான் ஓய்வு பெற்று வீட்டோடு இருக்க ஆரம்பித்த பிறகு அவளுக்குத் தலைவலி விடவில்லையாம். கடை கடையாகத் தராசையும் எடைக்கல்லையும் சோதித்த உத்தியோகஸ்தன், வீட்டில் சர்க்கரை டப்பாவை நேராக வைத்ததும், அவள் தைக்க எடுத்த துணியை இன்னொரு தடவை அளந்து பார்த்ததும் ஒரு குற்றமா?

போகட்டும். போவதற்கு முன் சேர்ந்து ஒரு படமாவது எடுத்துக்கொள்வோம் என்று, வீடு மாறும்போது என் தலையில் கட்டினீர்களே, அந்தப் பெரிய மரக் காமிராவை இறக்கினேன். லென்ஸ் விரிசல் விட்டிருந்தது. அதைக் கழற்றிவிட்டு, குளிர்பான டப்பாத் தகட்டில் ஊசியால் ஒரு துளை போட்டு ஒட்டினேன். துளை வழியாகவே படம் விழும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது, புத்தகத்தைக் குறை சொல்ல மாட்டேன், ஊசி அவளுடையது என்பதில்தான் சண்டை ஆரம்பித்தது, அது முடிவதற்குள் கும்மிருட்டில் ஃபிலிம் மாற்ற வேண்டுமே என்று குளியலறைக்குள் போய்க் கதவிடுக்கில் துண்டைச் செருகி உட்கார்ந்தால், "இருட்டுல என்னங்க பண்றீங்க?" என்று இவள் வெளியிலிருந்து விளக்கைப் போட்டாள், ஒரு ஃபிலிம் போச்சு. அடுத்த தடவை இரண்டு பேரும் சிலை மாதிரி உட்கார்ந்து எழுந்த பிறகு பார்த்தால், ஃபிலிமை மறைக்கும் தகட்டை நான் உருவவே இல்லை. அவள் சூட்கேஸில் இன்னும் இரண்டு புடவையை எடுத்து வைத்தாள்.

மூன்றாவது தடவை எல்லாம் சரி. துளை மேலிருந்த கறுப்பு டேப்பை எடுத்துவிட்டு ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். நாலு நிமிஷம் அசையக் கூடாது, வாய் திறக்கக் கூடாது.

"இப்ப நீங்க பேச முடியாதில்ல?" என்றாள். தலையாட்டக்கூட வழியில்லை.

"நல்லதாப் போச்சு. நான் மெஷின்ல உட்கார்ந்தா பின்னாடி வந்து நிக்காதீங்க. தையல் கோணினா நானே பிரிச்சுத் தைச்சுக்குவேன். வீட்டுல பேச ஒரு ஆள் வேணும்னுதான் நீங்க ரிட்டயர் ஆகறதுக்குக் காத்துக்கிட்டிருந்தேன். வந்தது ஒரு ஆபீசர்."

பதில் தொண்டை வரை வந்தது மச்சான், ஃபிலிம் வீணாகுமே என்று விழுங்கினேன். எனக்காக ஒருத்தி காத்திருந்தாள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நாலு நிமிஷம் முடிந்தது. அவள் முடிக்கவில்லை. நான் எழுந்திருக்கவில்லை.

கழுவிப் பிரிண்ட் போட்டால், என் சட்டைப் பொத்தான் வரைக்கும் துல்லியம். உங்கள் தங்கைக்குக் கழுத்துக்கு மேலே ஒரே புகை. ஆகவே முயற்சி படுதோல்வி. ஞாயிறன்று வண்டியோடு வந்து, காமிராவையும் தங்கையையும் ஒரே நடையாக அழைத்துப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் எல்லோரும் தீர்க்காயுசாக இருக்கட்டும், டப்பாக்கள் இஷ்டப்படி கோணிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்

பி.கு.: வண்டி வேண்டாம். உறையை ஒட்டுவதற்குள் அவள் படத்தைப் பார்த்துவிட்டாள். "நான் பேசி நீங்க கேட்டதுக்கு இது ஒண்ணுதான் சாட்சி" என்று தையல் மெஷினுக்கு மேலே மாட்டச் சொன்னாள். கோணலாகத்தான் தொங்குகிறது, நான் தொடவில்லை. இன்னும் பாதிகூடச் சொல்லவில்லையாம், நாளைக்கு மறுபடி உட்காருகிறோம். நீங்கள் ஃபிலிம் மட்டும் வாங்கி வாருங்கள். அதை மாற்றக் குளியலறை சரிப்படாது, போர்வையைப் போர்த்திக் கையை உள்ளே விட்டால் இதுதான் நல்ல இருட்டு என்று, தன் சூட்கேஸைக் காலி செய்து கொடுத்திருக்கிறாள்.