நல்ல நேரம் பார்த்துத் திறந்த நொத்தாரிசுக் கந்தோர்

அவமானம் சிலருக்குத் தற்செயலாக வரும். எனக்கு அப்படி வரவில்லை. நானே நாள் பார்த்து, அழைப்பிதழ் அடித்து, வடை சுட்டு, வாசலில் நின்று அதை வரவேற்றேன்.

சுவிஸில், லா ஷோ-து-ஃபோன் என்கிற ஊரில் அப்போது நான் மணிக்கூட்டுத் தொழிற்சாலை ஒன்றில் முள்ளுப் பொருத்துகிறவள். (மணி முள்ளை இடுக்கியால் எடுத்து வைக்க வேண்டும். பிறகு நிமிட முள்ளை அதே இடுக்கியால் எடுத்து வைக்க வேண்டும். அந்த வேலையைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.) அதற்கு முதல், யாழ்ப்பாணத்தில் நான் சட்டத்தரணி, பிரசித்த நொத்தாரிசு. காணி உறுதி, சீதன உறுதி, மரணசாசனம் என்று பத்திரங்கள் எல்லாம் என் கையால்தான் முடிந்தன. நான் வீதியில் போனால் ஆட்கள் சைக்கிளை விட்டு இறங்கி வணக்கம் சொல்வார்கள். கலியாணம் கட்டி இங்கே வந்த பிறகு எனக்காக ஒருவரும் எதைவிட்டும் இறங்கவில்லை.

எனக்குக் கோபம் இருந்தது. அதை மறைத்து எழுதுவதில் அர்த்தமில்லை. படித்த படிப்பெல்லாம் பெட்டிக்குள் கிடக்க, பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு, யாரோ பணக்காரனின் கையில் நேரம் சரியாக ஓடுவதற்காகக் குனிந்திருந்தேன். கழுத்து நோவுக்குக்கூட அந்தக் கோபம்தான் காரணம் என்று நம்பினேன்.

அந்த வருஷங்களில் ஊரில் சண்டையை நிறுத்தி, சமாதானம் என்று சொல்லி யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்தார்கள். உடனே சுவிஸில் இருந்த எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் ஊரில் விட்டுவந்த காணி ஞாபகம் வந்தது. விற்கவும் எழுதிக் கொடுக்கவும் ஊரில் இருப்பவருக்குத் தங்கள் சார்பில் கையெழுத்து வைக்கும் அதிகாரத்தை, அதாவது அற்றோணித் தத்துவத்தை, எழுத்தில் கொடுக்க வேண்டும். அதை எழுத எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். குசினி மேசையில் வைத்து எழுதிக் கொடுத்தேன், தேத்தண்ணியும் கொடுத்தேன்.

இதைப் பார்த்துக்கொண்டிருந்த என் கணவர் சிவநேசன் ஒருநாள் கேட்டார்: "நீர் ஏன் ஒரு கந்தோர் திறக்கக்கூடாது?"

அவர் ஒரு உணவகத்தில் சமையல்காரர். குசினிக்குள் கத்திக் கத்தியே பிரெஞ்சு பழகினவர். அவர் கேட்டதும் எனக்குள் இருந்த நொத்தாரிசு அம்மா சடாரென்று எழுந்து சேலையை உதறினாள்.

சட்டம் படித்தவள் அல்லவா, எல்லாவற்றையும் ஒழுங்காகவே செய்தேன். சொந்தத் தொழில் செய்ய என் சி பேர்மிட் என்கிற வதிவிட அனுமதி போதுமா என்று கேட்டு உறுதிப்படுத்தினேன். ஆ.வே.எஸ். என்கிற முதியோர் காப்புறுதியில் சுயதொழிலாளியாகப் பதிந்தேன். கந்தோருக்கென்று வாடகைக்குப் பிடித்த அலுவலக அறையின் சொந்தக்காரரிடம் எழுத்தில் அனுமதி எடுத்தேன். விபத்துக் காப்புறுதி எடுத்தேன். தீயணைக்கும் சிலிண்டர்கூட வாங்கி வைத்தேன் (பேப்பரும் நானும் மட்டும் இருக்கிற அறைக்கு). "ஆட்களுக்குப் பத்திரம் எழுதிக் கொடுக்க, மொழிபெயர்க்க ஒரு கந்தோர் திறக்கலாமா?" என்று நகரசபைக் கருமபீடத்தில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். "தாராளமாக, மதாம், நாளைக்கே திறக்கலாம்" என்று அவள் சிரித்தாள்.

நொத்தாரிசு என்ற சொல்லை மட்டும் நான் அவளிடம் சொல்லவில்லை. அது என் பட்டம், அதற்கு அவளிடம் என்ன அனுமதி கேட்பது என்று நினைத்தேன்.

இதில் பெரிய பகிடி என்னவென்றால், ஊரில் என் உரிமம் யாழ்ப்பாணப் பிரிவுக்கு மட்டும்தான். பிரிவு எல்லையைத் தாண்டிப்போய் வவுனியாவில் இருந்து நான் ஒரு உறுதி முடித்தால் அது செல்லாது. இதை எத்தனையோ பேருக்கு நானே விளக்கமாகச் சொல்லியிருக்கிறேன். வவுனியாவில் செல்லாத என் கையெழுத்து, ஆல்ப்ஸைத் தாண்டி ஜூரா மலை உச்சியில் செல்லும் என்று அதே நான்தான் நம்பினேன்.

தொழிற்சாலையில் வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். யன்னல் கண்ணாடிக்குள் பலகை வைத்தேன். தமிழில் "நொத்தாரிசு", அதற்குக் கீழே பிரெஞ்சில் இரண்டு மடங்கு பெரிய எழுத்தில் "நொத்தேர்".

திறப்பு விழாவுக்குச் சனிக்கிழமை காலையில் நல்ல நேரம் அமைந்தது. பிள்ளையார் படம், குத்துவிளக்கு, தேங்காய். இந்த ஊர் வழக்கப்படி ஆப்பேரோவும் வேண்டும் என்று சிவநேசன் வெள்ளை வைன் போத்தல்களை வடைத் தட்டுக்குப் பக்கத்தில் அடுக்கினார். தெருவில் இருந்த எல்லாக் கடிதப்பெட்டிகளிலும் அழைப்பிதழ் போட்டது நான்தான். எங்கள் ஆட்கள் அறையை நிரப்பினார்கள், அவர்களில் பிரெஞ்சு விளங்குகிறவர்கள் இல்லை. சுவிஸ்காரரில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் என் பழைய மேற்பார்வையாளர் மதாம் ஜோசியான். மற்றவர் கையில் சின்னப் பூச்சாடியுடன் வந்த நரைத்த தலைக்காரர். நாலு வீடு தள்ளித் தனக்கும் கந்தோர் இருப்பதாகச் சொல்லிக் கைகொடுத்தார். அசல் நொத்தாரிசு. இங்கே அவர்களை மரியாதையாக "மெத்ர்" என்று அழைக்க வேண்டும்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. சக நொத்தாரிசு வாழ்த்த வந்திருக்கிறார் என்று முன்வரிசையில் இருத்தினேன்.

முதல் வேலையாகத் தேவராசா அண்ணையின் அற்றோணித் தத்துவம். அண்ணை கோட்டுப் போட்டு வந்திருந்தார். இரண்டு சாட்சிகளை நிறுத்தி, "இதனால் சகலரும் அறிய வேண்டியது" என்று தொடங்கி, முழுவதையும் உரத்து வாசித்தேன். என் குரல் எனக்கே அழகாகக் கேட்டது. அண்ணை கையெழுத்து வைத்தார். ஊரில் இருந்து சேலைகளுக்கு நடுவே கொண்டுவந்த முத்திரையை எடுத்து அழுத்தினேன்.

மெத்ர் எழுந்து வந்தார். "நாங்களும் இப்படித்தான் உரத்து வாசிப்போம், மதாம். மிக நன்றாகச் செய்கிறீர்கள்" என்றார் பிரெஞ்சில். பிறகு, "இந்த மாகாணத்தில், எங்கள் கன்டோனில், உள்ள நொத்தாரிசுகள் எல்லோரையும் எனக்குத் தெரியும். உங்களை மட்டும் எப்படிச் சந்திக்காமல் விட்டேன்?" என்று கேட்டார்.

சுவரில் மாட்டியிருந்த கொழும்புச் சான்றிதழைக் காட்டினேன். அவர் கண்ணாடி போட்டுப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார். குரலைத் தாழ்த்திச் சொல்லத் தொடங்கினார். இங்கே சுவிஸ் சட்டப் பட்டம் வேண்டும், பிறகு ஒரு நொத்தாரிசிடம் பயிற்சி, பிறகு கன்டோனின் பரீட்சை, பிறகு சத்தியப்பிரமாணம். இவை இல்லாமல் அந்தப் பெயரைப் போடுவதே குற்றம்.

பின்வரிசைக்குத் திரும்பிப் போயிருந்த தேவராசா அண்ணை கேட்டார்: "என்னவாம் சிவநேசன்?"

என் கணவர் யன்னல் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பாராட்டுறார் அண்ணை" என்றார்.

அறை முழுவதும் கைதட்டியது.

மெத்ர் திகைத்துத் திரும்பிப் பார்த்தார். பாவம், சட்டத்துக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கிற கூட்டத்தை அவர் வாழ்நாளில் கண்டிருக்கமாட்டார். லேசாகத் தலைகுனிந்து நன்றி காட்டிவிட்டுத் தொடர்ந்தார். அந்தப் பலகையை இன்றைக்கே கழற்ற வேண்டும்.

"இப்ப என்ன சொல்லுறார்?"

"பலகையைப் பற்றித்தான் கதைக்கிறார். அவருக்குக் கண்ணுக்குள்ளயே நிக்குதாம்."

மறுபடி கைதட்டல். கழற்றாவிட்டால் கன்டோன் அதிகாரிகளுக்குத் தான் அறிவிக்க வேண்டியிருக்கும் என்றார் மெத்ர்.

"பெரிய இடங்களிலயும் எங்களைப் பற்றிச் சொல்லுவாராம்!"

விசில்கூடப் பறந்தது. தேவராசா அண்ணை உணர்ச்சிவசப்பட்டு எழுந்தார். அவர் ஒரு பொன்னாடை கொண்டுவந்திருந்தார், எனக்குப் போர்த்துவதற்காக. "இப்பிடிப்பட்ட மனுசனுக்கல்லோ தங்கச்சி இது சேரவேணும்" என்று சொல்லி, அதைக் கொண்டுபோய் மெத்ரின் தோளில் போர்த்தினார். அந்தப் படம் இன்றும் எங்கள் அல்பத்தில் இருக்கிறது. என் கந்தோரை மூட வந்த மனிதர் பொன்னாடையோடு நிற்கிறார், பக்கத்தில் நான் பூச்சாடியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டுகிறேன்.

அறையில் கைதட்டாமல் இருந்தது மதாம் ஜோசியான் மட்டும். அவளுக்குப் பிரெஞ்சு விளங்கும் அல்லவா. பாதி கடித்த வடையுடன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வைக்குப் பதில் அவளும் கைதட்டியிருக்கலாம்.

அன்று பின்னேரமே பலகையைக் கழற்றினோம். மறுகிழமை தேவராசா அண்ணை நான் எழுதின அதே பத்திரத்தின் புதுப் பிரதியோடு மெத்ரிடம் போனார். தமிழில் ஒரு எழுத்தும் தெரியாத மெத்ர், அண்ணையின் பேர்மிட்டைப் பார்த்து, கையெழுத்து அவருடையதுதான் என்று உறுதிப்படுத்தி, தன் முத்திரையைக் குத்தினார். சட்டப்படி அதில் ஒரு பிழையும் இல்லை. அதனால்தான் எனக்கு வயிறு எரிந்தது. ஒருவர்மேலும் கோபப்பட வழியில்லாத கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

தொழிற்சாலைக்குத் திரும்பினேன். இந்த முறை தற்காலிகத் தொழிலாளியாக, பழைய சம்பளத்திலும் குறைவாக. இடுக்கி மட்டும் அதேதான்.

"பாராட்டுறார்" எங்கள் வீட்டுச் சொல்லாகிவிட்டது. சிவநேசனை உணவகத்தில் வேலையால் நிற்பாட்டினபோது, வீட்டுக்கு வந்து, "முதலாளி என்னைப் பாராட்டினவர்" என்றார். மகள் கார் ஓட்டப் பரீட்சையில் தோற்றுவிட்டுத் தொலைபேசியில், "அம்மா, பாராட்டிப்போட்டினம்" என்றாள். யாருக்கு எந்த இடி விழுந்தாலும் மற்றவர்கள் கைதட்டுவோம். சிரிப்பு வந்துவிடும், பிறகு அழத் தேவையில்லை.

நான் ஓய்வுபெற்ற நாளில் தொழிற்சாலையில் சின்ன ஆப்பேரோ வைத்தார்கள். மதாம் ஜோசியான் எழுந்து பேசினாள். இவ்வளவு நேராக முள்ளுப் பொருத்துகிற கையைத் தான் கண்டதில்லையாம். இந்த விரல்கள் இந்த வேலைக்கென்றே பிறந்தவையாம். அன்றைக்குத் தட்டாததையும் சேர்த்துத் தட்டினாள்.

வீட்டுக்கு வந்தேன். மேசையில் எல்லோரும் இருந்தார்கள்.

"என்னவாம் சொன்னவை?" என்று சிவநேசன் கேட்டார்.

"பாராட்டினவை" என்றேன்.

வீடே வெடித்துச் சிரித்தது. மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஐயோ அம்மா, உண்மையாய் என்ன சொன்னவை?" என்று கேட்டாள். உண்மையாகத்தான் பாராட்டினார்கள், இதற்கென்றே பிறந்தவள் என்று சொல்லிவிட்டார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் எல்லோரும் கைதட்டத் தொடங்கிவிட்டார்கள்.

நானும் சேர்ந்து தட்டினேன்.